மூன்றாவது பிள்ளைக்குக் கணக்கு இல்லை

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருடந்தோறும் ஜூலை மாதத்தில் ஒரு கூட்டம் வரும். வாத்தியார்கள், நர்சுகள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்ற தாசில்தார்கள். பாதிப் பேருக்குக் கேள்வி ஒன்றுதான். போன வருடம் கொஞ்சமாகத்தானே வரி கட்டினேன், இந்த வருடம் எப்படி இவ்வளவு ஏறியது? கேட்கும்போதே, நடுவில் புகுந்து நான் ஏதோ தின்றுவிட்டதைப் போல ஒரு பார்வை வேறு. நான் கோபித்துக்கொள்வதில்லை. "வீட்டுல இன்னாங்க நல்லது நடந்துச்சு?" என்று திருப்பிக் கேட்பேன். வந்தவர் முழிப்பார். கொஞ்சம் தோண்டினால் சம்பளம் ஏறியிருக்கும், கடன் குறைந்திருக்கும், இல்லையென்றால் ஒரு பிள்ளை படித்து முடித்திருக்கும். வரி தானாக ஏறாது ஐயா, ஏதோ ஒன்று அதை ஏற்றிவிடும். இந்தப் பாடத்தை நான் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, எங்கள் வீட்டுக் கூடத்தில், கோழிக்குழம்பு வாசனைக்கு நடுவில் கற்றுக்கொண்டேன்.

அப்பா மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். தலைமையாசிரியர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பள்ளியில் மொத்தமே இரண்டு ஆசிரியர்கள்தான். அப்பா ஒருவர், இன்னொருவர் ஒரு டீச்சர். பிள்ளைகளும் அதிகம் கிடையாது. நாங்கள் இருந்தது திண்டிவனத்தில். வீட்டில் மூன்று பிள்ளைகள். அக்கா தனியார் கல்லூரியில் படித்து முடித்து, அந்த வருடம்தான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அண்ணன் ஊரிலேயே ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் எட்டாவது. கடைக்குட்டியான நான் மட்டும் அப்பாவின் வண்டியில் தொற்றிக்கொண்டு அப்பாவின் பள்ளிக்கே போய்வந்துகொண்டிருந்தேன்.

அரசுச் சம்பளம் வாங்குகிற வீடுகளில் பிப்ரவரி என்றாலே பயம்தான். மாதாமாதம் வரிக்கென்று கொஞ்சம் பிடித்திருப்பார்கள். மிச்சம் மொத்தத்தையும் பிப்ரவரிச் சம்பளத்தில் வழித்தெடுத்துவிடுவார்கள். அந்த மாதத்துக்கான மளிகையை அம்மா பொங்கலுக்கு முன்பே வாங்கிப் போட்டுவிடுவாள். சீட்டுக்காரம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவாள். இது வருடா வருடம் வருகிற அவஸ்தைதான். ஆனால் அந்த வருடம் அப்பா தானாகவே ஒரு காகிதத்தில் வரியைப் போட்டுப் பார்த்தபோது, அது முந்தைய வருடத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. அப்பாவுக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் சொந்தத்தில் யாருக்கு வரிக் கணக்கு என்றாலும் சித்தப்பாதான். அப்பாவின் தம்பி. விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரைப் பிடித்து, தோளில் லேப்டாப் பையோடு வந்து இறங்கினார். அவருக்குக் கூலி நாட்டுக்கோழிக் குழம்பு. அதில் பாக்கி வைத்தால் கணக்கில் கை வைக்க மாட்டார்.

கூடத்தில் பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். எழவு விழுந்த வீடு போல இருந்தது. சித்தப்பா லேப்டாப்பில் தட்டிப் பார்த்துவிட்டு, அப்பா போட்ட தொகை சரிதான் என்றார்.

"எங்கியோ தப்பு பண்ணிக்கினு இருக்கடா நீ" என்றார் அப்பா. "போன வருஷமும் இதே ஆளு, இதே வாத்தியார் வேலைதானே? நான் இன்னா இப்ப புதுசா கடையா வச்சிட்டேன்?"

"தப்பு என்மேல இல்லண்ணா, உம்மேலதான். நீ நல்லா வாழ்ந்துகினு இருக்க."

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள் யாரோ அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். "இருவது பர்சென்ட்ல போய்ட்டேனாமே. தலைமையாசிரியர் ஆனதுக்கு சம்பளம் ஏறுச்சின்னு, இப்ப மொத்த சம்பளத்துக்கும் இருவது புடிப்பானா? இந்தப் புரொமோஷன நான் கேட்டனா?"

சித்தப்பா சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். "அண்ணி மூணு அண்டாவுல தண்ணி புடிச்சி வச்சிருக்காங்க பாரு. மொத அண்டா நெறையற வரைக்கும் வரியே கெடையாது. அது வழிஞ்சி ரெண்டாவது அண்டாவுல விழறதுக்குக் கொஞ்சம் வரி. அதுவும் வழிஞ்சி மூணாவதுல விழுது பாரு, அதுக்கு மட்டுந்தான் இருவது. மூணாவதுல நாலு சொட்டு விழுந்துச்சின்னு மொத ரெண்டு அண்டாவுக்கும் சேத்து ரேட்ட ஏத்த மாட்டாங்க."

"மூணாவதுல எவ்ளோ கீது?"

"ஒரு சொம்பு. அதுக்குப் போயி பேஜாராவாத."

நான் எழுந்து போய் மூன்று அண்டாக்களையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை, அண்ணனுக்கு அன்று முழுக்க விளங்கவில்லை.

அப்புறம் சித்தப்பா மற்றதைச் சொன்னார். வீட்டுக் கடன் பழசாகப் பழசாக, கட்டுகிற தவணையில் வட்டியின் பங்கு குறைந்துகொண்டே வரும், அசலின் பங்கு ஏறிக்கொண்டே வரும். வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். கழிக்கிற வட்டி குறைந்தால் வரி ஏறத்தானே செய்யும்? "வீடு கொஞ்சங் கொஞ்சமா பேங்க்காரன் கையவுட்டு உங்கையிக்கு வந்துகினு இருக்குன்னு அர்த்தம்" என்றார். அதற்கு மேல், போன வருடம் வரைக்கும் அக்காவின் கல்லூரிக் கட்டணத்தையும் அண்ணனின் பள்ளிக் கட்டணத்தையும் கழித்துவந்தார்கள். அக்கா படித்து முடித்துவிட்டாள். கட்டாத கட்டணத்தை எங்கே போய்க் கழிப்பது?

"அப்ப வரிய கொறைக்க வழியே இல்லியாடா?" என்றார் அப்பா.

"ஏன் இல்ல? தலைமையாசிரியர் வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துடு. இன்னொரு லோன் வாங்கு. பெரிய பாப்பாவ வேலைய வுட்டுட்டு வரச் சொல்லி மறுபடியும் காலேஜ்ல சேத்துவுடு. அடுத்த வருஷம் ஜோரா கொறைஞ்சிடும்."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லது எல்லாம் ஒரே வருடத்தில் சேர்ந்து வந்து, அதற்காக ஒரு வீடே முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

அன்று எனக்கு வேடிக்கையாக இல்லை. அக்கா பெயர் வந்தது, அண்ணன் பெயர் வந்தது, என் பெயர் எங்கேயும் வரவில்லை. "சித்தப்பா, என் ஃபீஸ எதுல போட்டீங்க?" என்று கேட்டேன்.

"உனக்கேது ஃபீஸு? நீ உங்கப்பன் ஸ்கூல்ல ஓசியில படிக்கிற. அப்பிடியே கட்டினாலும் இத்தினி நாளா உன்ன சேத்திருக்க முடியாது பாப்பா. ரெண்டு புள்ளைங்க ஃபீஸத்தான் கழிக்கலாம். மூணாவது புள்ளைக்குக் கணக்கு கெடையாது."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "கவருமெண்டே உன்ன புள்ளைன்னு ஒத்துக்கல பாத்தியா" என்றான். புதுத் துணி அக்காவுக்கு, புது சைக்கிள் அண்ணனுக்கு, எனக்கு எல்லாமே பழசு. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவள்தான். அரசாங்கமும் இப்படிச் சொல்லிவிட்டது என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

ஆனால் நான் அழுகிற பிள்ளை இல்லை. "அக்காதான் முடிச்சிட்டாளே. அப்ப ஒரு எடம் காலியா இருக்குதில்ல?" என்றேன்.

சித்தப்பா என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "அட, ஆமா. ஒரு சீட்டு காலிதான். நீ உங்கண்ணன் ஸ்கூல்ல சேந்து ஃபீஸ் கட்டினின்னா உன்ன அதுல போட்டுடலாம். உங்கப்பனுக்கு வரியும் கொறையும்" என்று சொல்லிக் கன்னத்தைக் கிள்ளினார். கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். நூறு ரூபாய் கட்டணம் கட்டினால் வரியில் பத்தோ இருபதோதான் மிச்சமாகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வரி மிச்சம் என்று யாரோ சொன்னதை நம்பி வேண்டாத பாலிசிகளை வாங்கிக் குவித்துக்கொண்டு மீசை வைத்த பெரிய மனிதர்களே என் மேசைக்கு வருகிறார்கள். நானாவது பத்து வயதில் அந்தத் தப்பைச் செய்தேன்.

சாப்பிடும்போது பேச்சு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. மறுநாள் வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா வருவதாக இருந்தது. எங்கள் பள்ளியில் இல்லாத பிள்ளைகளை இருப்பதாகக் காட்டுகிறார்கள் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள். அதனால் நேரில் வந்து தலையை எண்ணிப் பார்க்கப்போகிறார்.

"ரிஜிஸ்டர்ல இருக்கறதுல ஒரு தல கொறைஞ்சாலும் போச்சு" என்றார் அப்பா. "ஒரு டீச்சர் போதும்னு சொல்லி, இருக்கற டீச்சர எங்கியாவது கண்காணாத ஊருக்குத் தூக்கிப் போட்ருவாங்க. அது கைக்கொழந்தைய வச்சிக்கினு எங்க போவும்? நான் ஒண்டியா அஞ்சு கிளாஸையும் வச்சிக்கினு இன்னா பண்ணுவேன்?"

இது எல்லாம் என் காதில் விழுந்தது. பெரியவர்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன். என் மனசு முழுக்க அந்தக் காலி இடத்தில் இருந்தது.

மறுநாள் அப்பா பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்து வைப்பதற்காக விடிந்ததுமே கிளம்பிவிட்டார். நான் டீச்சரோடு பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பரண் மேல் இருந்த பெட்டியிலிருந்து அக்காவின் பழைய சீருடையை எடுத்து மாட்டிக்கொண்டேன். அண்ணனின் அதே பள்ளியில்தான் அக்காவும் படித்திருந்தாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. மூன்று ஊக்குகள் குத்தி நிறுத்தினேன். அண்ணன் வேனில் ஏறியபோது நானும் பின்னாலேயே ஏறினேன். "அப்பா சேத்துட்டாரு. சித்தப்பா சொன்னாரு இல்ல?" என்றேன். அவனும் நம்பிவிட்டான். இத்தனைக்கும் எட்டாவது படிக்கிறவன்.

ஐந்தாம் வகுப்பு எங்கே என்று கேட்டுப் போய், ஜன்னலோரம் ஒரு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். மின்விசிறி இருந்தது. எல்லோரும் ஷூ போட்டிருந்தார்கள். நான் செருப்பை பெஞ்சுக்கு அடியில் தள்ளி வைத்தேன். மிஸ் வருகைப் பதிவை வாசித்து முடித்துவிட்டு, நீ யார் என்று கேட்டார். "நியூ அட்மிஷன் மிஸ்" என்றேன். முழுப் பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிற பிப்ரவரி மாதத்தில் வந்த நியூ அட்மிஷனை மிஸ் மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் கையைப் பிடித்து அலுவலக அறைக்கு அழைத்துப்போனார்.

அதற்குள் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த டீச்சர் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு, எனக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அப்பா பதறி வீட்டுக்குப் போன் செய்ய, அம்மா என்னைக் காணாமல் தெருவெல்லாம் தேட, அந்த நேரத்தில் அண்ணன் பள்ளி அலுவலகத்திலிருந்து அப்பாவுக்குப் போன் போயிருக்கிறது. உங்கள் பெண் இங்கே எங்கள் சீருடையில் உட்கார்ந்திருக்கிறாள், அழைத்துப் போங்கள் என்று.

அப்பா வந்தபோது வண்டியின் பின் சக்கரம் முழுக்கச் செம்மண். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "கெட்டியா புடிச்சிக்க" என்று மட்டும் சொன்னார். நெடுஞ்சாலையில் லாரிகளை எல்லாம் முந்திக்கொண்டு போனார். எப்போதும் ஓரமாக, மாட்டு வண்டி வேகத்தில் போகிற மனிதர். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அலுவலர் அம்மா எண்ணி முடித்திருந்தார். பிள்ளைகள் எல்லோரும் வேப்பமரத்தடியில் வரிசையாக நின்றார்கள். டீச்சரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஒரு தலை குறைந்தது.

"இதோ, இவதாங்க மேடம்" என்று அப்பா என்னை முன்னால் நிறுத்தினார்.

அந்த அம்மா என் சீருடையைப் பார்த்தார். தனியார் பள்ளியின் பெயர் சட்டைப் பையில் கொட்டை எழுத்தில் தைத்திருந்தது. "இன்னா சார் இது?" என்றார். "பிரைவேட் ஸ்கூல் புள்ளைய வண்டியில ஏத்திக்கினு வந்து கணக்கு காட்றீங்களா? கம்ப்ளெய்ண்ட்ல எழுதினது நெஜந்தான் போல இருக்குதே."

முப்பது பேர் முன்னால் நின்று கையை ஆட்டிப் பாடம் நடத்துகிற அப்பா, பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்ட பையனைப் போல நின்றார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான் இந்த ஸ்கூல்தாங்க மேடம்" என்றேன். "அங்க இன்னைக்கு ஒரு நாள்தான் போனேன்."

"எதுக்குப் போன?"

"எங்கப்பாவுக்கு வரி கொறையணும்னு."

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "சொல்லு, கேக்கறேன்" என்றார். நான் சொன்னேன். மூன்று அண்டாவைச் சொன்னேன். மூன்றாவதில் எங்களுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்தான் என்றேன். கடன் பழசானால் வட்டி குறைவதையும், வட்டி குறைந்தால் வரி ஏறுவதையும் சொன்னேன். அக்கா படித்து முடித்ததால் ஓர் இடம் காலி, அதில் என்னைப் போடலாம், ஆனால் எனக்குக் கட்டணம் இல்லை, அதனால்தான் கட்டணம் இருக்கிற இடத்துக்குப் போனேன் என்று மூச்சு விடாமல் முடித்தேன். சித்தப்பாவின் கை அசைவுகளைக்கூட விடவில்லை.

அந்த அம்மா முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அய்யய்யோ, எனக்கும் இந்த மாசம் சம்பளம் வராது சார். ஏன் ஏறுச்சின்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் இவ்ளோ தெளிவா சொல்லல" என்றார். வரிசையில் நின்ற என் வகுப்புப் பிள்ளைகள் அதற்குள் தைரியம் வந்து, "அது எங்க கிளாஸ்தான் மேடம்" "கிளாஸ் லீடரே அதுதான் மேடம்" என்று கத்தினார்கள். என்னை ஒரு பாடம் படிக்கச் சொன்னார். என் நோட்டையும் வாங்கிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து என் தலையில் கை வைத்து, விட்ட இடத்திலிருந்து எண்ணி முடித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். அப்பா தடுத்தார். சாப்பிட உட்கார்ந்தபோது, "அவள அடிக்காத. கடைசித் தல இவதான். இவ மட்டும் வரலன்னா டீச்சர் இல்ல" என்றார். அவர் குரல் கம்மியிருந்தது. எனக்கு அதில் 'கடைசி' மட்டும்தான் காதில் விழுந்தது. அங்கேயும் நான்தான் கடைசி. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, காலியாகவே கிடக்கிற அந்த ஓர் இடத்தை நினைத்து அழுது தூங்கினேன்.

அந்தப் பிப்ரவரியில் அப்பா வரியை முழுதாகக் கட்டினார். டீச்சர் அதற்குப் பிறகும் பல வருடங்கள் அந்தப் பள்ளிக்கே வந்துகொண்டிருந்தார்.

நான் அந்தப் பள்ளியில் படித்த வரைக்கும், ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அப்பா அந்த ஊரில் வீடு வீடாகப் போய்ப் பள்ளியில் சேர்க்கப் பிள்ளை கேட்பார். அப்போதெல்லாம் என்னை வண்டியின் முன்னால் உட்கார வைத்துக்கொள்வார். கேப்பைக் களம், மாட்டுக் கொட்டகை, கோயில் வாசல் என்று எங்கே ஆள் நின்றாலும் வண்டியை நிறுத்துவார். பிரைவேட்டில் போடலாம் என்றிருக்கிறோம் சார் என்று அவர்கள் இழுப்பார்கள். அப்பா வேறு எதுவும் பேச மாட்டார். என் தோளில் கையை வைத்து, "எம்பொண்ணு நம்ம ஸ்கூல்லதாம்மா படிக்குது" என்பார். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். பல வீடுகளில் அதோடு பேச்சு முடிந்துவிடும், ஜூன் மாதம் பிள்ளை வந்துவிடும். நான் அதை ஊர் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று பிள்ளைகளில் அவர் ஊர் முன்னால் நிறுத்திக் காட்டியது என்னை மட்டும்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.